தண்ணீரைப் பெயர் சொல்லாதவள்

என் கணவர் ஃபலாக்கேயின் சாவுக்கு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் சொன்னவர்களில் பாதிப்பேர் அன்று எங்கள் வீட்டில் இல்லாதவர்கள். ஒருவர் நிலாவில் குண்டு வெடித்தது என்றார். இன்னொருவர் மாசிபியா மயங்கி விழுந்தாள் என்றார். மாசிபியா மயங்கவில்லை. கையில் அகப்பையோடு ஆண்கள் அறைக்குள் புகுந்தாள். அவள் பின்னால் புகுந்தவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மாசிபியா என் மூத்த ஓரகத்தி. அவள் மகள் தோலகேலே. அவள் அப்பா, என் கணவரின் அண்ணன், இளம் வயதிலேயே போய்விட்டதால், அந்தப் பெண்ணுக்கு அப்பா இடத்தில் நின்றவர் என் கணவர்தான். அவளைப் பெண் கேட்டு ஸுங்கு வீட்டார் வந்த சனிக்கிழமை அவள் நிலாவில் இருந்தாள். அங்கே ஒரு சின்ன இருப்பிடம், அதில் நான்கு பேர். வெயிலின் கெட்ட கதிர் உள்ளே வராமல் இருக்கச் சுவர்களுக்குள் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

ஸுங்கு வீட்டார் விடிந்ததும் விடியாததுமாக வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, முறைப்படி எங்கள் வம்சப் பெயர்களை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஷாண்டு! ஷாண்டு! உங்கள் தோட்டத்துப் பூவைப் பார்த்து வந்தோம்!" என் கணவர் உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாகோசா, வெளியே யாரோ கத்துறாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஊருக்கே கேக்குது. உங்களுக்கு மட்டும் கேக்கலையா?"

"கேக்குது, கேக்குது. இன்னும் கொஞ்சம் கத்தட்டும். பொண்ணு நிலாவுல இருக்கா. அவளைக் கேக்க வந்தவங்களுக்கு இந்தக் கேட்டு ஒரு தூரமா?"

வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே விட்டார். வந்தவர்கள் இருவர். மாப்பிள்ளை ஸான்டிசோவின் பெரியப்பா ஒருவர். ஒல்லியான மனிதர், கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். கூட ஓர் உறவுக்காரன், வண்டி ஓட்ட. பெரியவரை நாங்கள் எல்லோரும் மன்ஸீனி என்றுதான் கூப்பிட்டோம். ஸுங்கு வீட்டாரை மரியாதையாகக் கூப்பிட அதுதான் பெயர். அவர்களுடைய மூத்த பாட்டனின் பெயர். மாப்பிள்ளை வரவில்லை. பெண்ணுக்காகத் தர வேண்டிய மாடுகளை, அதாவது லொபோலாவை, பேசும் இடத்தில் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. அவன் பாபனாங்கோ மலைமேல் பெரிய தட்டு வைத்து நிலாவோடு பேசுகிற நிலையத்தில் அன்று வேலையில் இருந்தான்.

பெண்கள் நாங்கள் அடுப்படியில் இருந்தோம். இடையில் ஒரு மெல்லிய சுவர். அந்தச் சுவரைக் கட்டியபோதே இப்படிப்பட்ட நாட்களை நினைத்துத்தான் கட்டியிருப்பார்கள்.

மாட்டுப் பேச்சு சுலபமாகப் போனது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது.

"ஷாண்டு, ஒண்ணு சொல்லணும்" என்றார் பெரியவர். "எங்க வீட்டுக்கு மருமக வர்றா. அப்புறம் அவ மேல போகக் கூடாது. இதுதான் கடைசி."

"எது கடைசி?"

"நிலாவுக்குப் போறது."

"அது அவ வேலை, மன்ஸீனி. உங்க பையன் மலை ஏறி வேலைக்குப் போறான். நான் அதைக் கேட்டேனா?"

"மலை எங்க பக்கத்துல இருக்கு. சாயங்காலம் சோத்துக்கு வந்துடுவான். வானத்துல சுத்துற பொண்ணுக்கு மாமியார் என்ன, மாமனார் என்ன, முறை என்ன? எல்லாம் மறந்துடும். எங்களுக்கு வேண்டியது மருமக. தூரத்துல தெரியுற வெளிச்சம் இல்ல."

"அப்ப நட்சத்திரத்தைப் பாத்துக் கல்யாணம் பேச வந்தது யாரு? நானா உங்களைக் கூப்பிட்டேன்?"

"பையன் பிடிச்சிருக்குன்னான், வந்தோம். எங்க வார்த்தை இது. ஒத்துக்கிட்டா பேச்சு. இல்லாட்டி வண்டி வெளியதான் நிக்குது."

மாசிபியா அகப்பையால் கிண்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அந்த வாரம் தோலகேலே அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. "சின்னம்மா, எனக்கு அவரும் வேணும், இதுவும் வேணும். ஒண்ணை விடுன்னு சொன்னா எதை விடுவேன்னு எனக்கே பயமா இருக்கு. சின்னப்பாகிட்ட எப்படியாவது ரெண்டையும் வாங்கித் தரச் சொல்லுங்க." அதை நான் ஃபலாக்கேயிடம் படித்துக் காட்டியிருந்தேன். அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தீனி போட்டார். அவருக்குக் கவலை வந்தால் மாடுகளுக்கு வயிறு நிறையும்.

இப்போது அவர் குரல் உயர்ந்தது. "வண்டி நிக்குதா? அது எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாப்போம். என் பொண்ணு மேல போவா, கீழ வருவா, மறுபடியும் போவா. பிடிக்காட்டி வேற வீட்டுக் கேட்டுல போய்க் கத்துங்க!"

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பெரியவர் எழுந்துவிட்டார் என்று தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் மேசைமேல் இருந்த போன் அடித்தது.

அது தோலகேலேயின் வீட்டு லைன். மேலே இருப்பவர்கள் வாரம் ஒருமுறை குடும்பத்தோடு பேச, தனியாக ஒரு சின்னக் கம்பி, தனி பாட்டரி. வீட்டுப் பேச்சை நிலையத்தில் யாரும் ஒட்டுக்கேட்க மாட்டார்கள். அது அவர்கள் விதி. பெண்ணின் சம்மதத்தை அவள் வாயாலேயே கேட்க வேண்டும் என்பதால் ஸான்டிசோ அன்று அந்த லைனை எங்கள் வீட்டுக்குத் திருப்பி வைத்திருந்தான். ஆனால் அது மத்தியானம் வர வேண்டிய அழைப்பு.

ஃபலாக்கே அதை ஸ்பீக்கரில் போட்டார். முதலில் கரகரப்பு. யாரோ காய்ந்த இலைமேல் நடப்பதுபோல. அதற்குள்ளே அவள் குரல், துண்டு துண்டாக.

"சின்னப்பா... கரண்ட் ரூம்ல... அமந்தாம்பி... ஸ்டேஷனுக்கு உடனே சொல்லுங்க... கரண்ட் ரூம்... அமந்தாம்பி..."

அவ்வளவுதான். லைன் செத்துப்போனது.

ஆண்கள் அறையில் யாரோ போனைக் கையில் தட்டிப் பார்த்தார்கள். பிறகு வண்டி ஓட்ட வந்தவன் கேட்டான். "என்ன சொன்னா?"

"கரண்ட் ரூம்ல ஏதோ தணிஞ்சுடுச்சுங்கிறா" என்றார் என் கணவர். எங்கள் பேச்சில் தாம்பா என்றால் தணிவது. வீக்கம் தணியும், புயல் தணியும், கோபம் தணியும், எல்லாவற்றுக்கும் அதுதான் சொல். "ஏதோ கோளாறு இருந்திருக்கு. இப்ப அடங்கிடுச்சு. அதை ஸ்டேஷனுக்குச் சொல்லச் சொல்றா."

"ஆமா, தணிஞ்சுடுச்சுன்னுதான் எனக்கும் கேட்டது" என்றார் பெரியவர். "அவசரமாச் சொன்னாளே?"

"அவ சின்ன வயசுலேர்ந்தே அவசரந்தான். நடக்கறதுக்கு முன்னாடி ஓடினவ."

வண்டிக்காரன் நிலையத்துக்குப் போன் போட்டான். ஸான்டிசோவே எடுத்தான். ரொம்ப நேரமாக மேலிருந்து ஒரு சத்தமும் இல்லை, பெரிய ரேடியோ ஊமையாகிவிட்டது, இங்கே எல்லோரும் கையைப் பிசைகிறோம் என்றான். இவன், "கவலைப்படாத, இங்க லைன் வந்துச்சு. கரண்ட் ரூம்ல தணிஞ்சுடுச்சாம். உங்களுக்குச் சொல்லச் சொன்னா" என்றான். "அப்பாடா" என்று ஸான்டிசோ விட்ட பெருமூச்சு சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

அடுப்படியில் நடந்தது வேறு.

எங்கள் பெண்கள் கட்டிக்கொண்டு போன வீட்டின் மூத்தோர் பெயரை வாயால் சொல்வதில்லை. பெயரை மட்டுமல்ல, அந்தச் சத்தம் வருகிற எந்தச் சொல்லையும் சொல்வதில்லை. என் மாமனார் பெயரில் மலை இருந்தது. கையால் எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மலையை "அந்த உசரம்" என்றுதான் சொல்கிறேன். ஸுங்கு வீட்டுக்கு மன்ஸீனி. தண்ணீருக்கு எங்கள் பேச்சில் அமன்ஸி. இரண்டிலும் சத்தம் ஒன்று. ஆகவே ஸுங்கு வீட்டு மருமகள் தண்ணீரை அமன்ஸி என்று சொல்லமாட்டாள். அதற்குப் பெண்களிடம் இன்னொரு பழைய சொல் இருக்கிறது. ஆண்கள் அதைக் காதில் வாங்குவதே இல்லை.

அமந்தாம்பி.

மாசிபியா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டியா? கேட்டியாடீ? அவ ஸுங்கு வீட்டுப் பேரைச் சொல்லல! எம் பொண்ணு இப்பவே மருமகப் பேச்சுப் பேசுறா!" அடுத்த நொடி வாயைத் திறந்து குலவை போட்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மாவுக் கையோடு நானும் குலவை போட்டேன். ஆண்கள் அறையிலிருந்து என் கணவர், "பாருங்க, பொம்பளைங்களுக்கும் நிம்மதி" என்றது கேட்டது.

குலவை பாதியில் எனக்கு நாக்கு நின்றுவிட்டது.

"அக்கா" என்றேன். "எந்த ரூம்னு சொன்னா?"

"கரண்ட் ரூம்னு."

"கரண்ட் ரூம்ல என்ன இருக்குன்னா?"

மாசிபியா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க இடம் தெரியாமல் அங்கேயே நின்றது. பிறகு அகப்பையைக் கீழே வைக்காமலே ஓடினாள்.

லொபோலா பேசும் அறைக்குள் பெண்ணின் தாய் இப்படி நுழைந்து நான் கேள்விப்பட்டதில்லை. கதவு சுவரில் மோதியது. "அமன்ஸி!" என்று கத்தினாள். நாங்கள் வாழ வந்தது ஷாண்டு என்று கூப்பிடுகிற ம்பாத்தா வீடு, எங்களுக்கு அந்தச் சொல் தடையில்லை. "தணியவும் இல்ல, குனியவும் இல்ல! தண்ணி! கரண்ட் ரூமுக்குள்ள தண்ணி வருதுங்கிறா!"

"என்ன உளர்ற அண்ணி?" என்றார் ஃபலாக்கே.

"நானா உளர்றேன்? ஏன் மன்ஸீனி, உங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு தண்ணியை வேற என்னன்னு சொல்லுவா?"

பெரியவரின் முகம் எப்படி மாறியது என்பதை இன்றும் என்னால் சொல்ல முடியும். கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே நாற்காலியில் இறங்கினார். "எங்கம்மா" என்றார். "எங்கம்மா அப்படித்தான் சொல்லுவா. குடத்தைத் தூக்கிட்டு, அமந்தாம்பிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அய்யோ, எனக்கில்ல தெரிஞ்சிருக்கணும்?"

அதற்குள் மாசிபியா வண்டிக்காரனின் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள். "ஸான்டிசோ! நான் உன் மாமியா பேசுறேன்!"

மறுமுனையில் மௌனம். எங்கள் மாப்பிள்ளைகள் மாமியாரிடம் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கிப் போவார்கள்.

"இருக்கியாடா?"

"அம்மா... நான்... உங்ககிட்ட..."

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். முறையைக் காப்பாத்து. காதை மட்டும் குடு. கரண்ட் ரூம்ல தண்ணி. தணிஞ்சதுன்னு இந்த ஆம்பளைங்க சொன்னது தப்பு. தண்ணி!"

அவன் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கடைசிவரை முறையைக் காப்பாற்றினான். ஆனால் நாற்காலி விழுந்த சத்தமும், அவன் தன் ஆட்களைப் பார்த்துக் கத்தியதும் எங்களுக்குக் கேட்டது. "சுவர்ப் பம்பை நிறுத்து! பம்புக்குத் தனிக் கம்பி இருக்கு, இங்கேர்ந்தே நிறுத்து! எல்லா வால்வையும் மூடு!"

பிறகு காத்திருப்பு. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மாசிபியா தரையில் உட்கார்ந்து அகப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கதவருகே நின்றேன். வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஃபலாக்கே ஒரு குவளையில் சோளக் கள்ளை ஊற்றிப் பெரியவர் கையில் கொடுத்தார். தானும் உட்கார்ந்தார். "சரி, மன்ஸீனி. எங்க விட்டோம்?"

"என்னது?"

"பேச்சை. எங்க விட்டோம்?"

"ஷாண்டு, இப்பவா?"

"இப்பதான். சும்மா உக்காந்தா நான் அழுதுடுவேன். பொம்பளைங்க முன்னாடி அழ முடியாது. பேசுங்க. ஏதாவது கேளுங்க."

பெரியவர் குவளையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "நாங்க ஓட்டி வரப்போற மாட்டுல ஒண்ணுக்குக் கொம்பு கோணல்" என்றார் மெதுவாக.

"கோணக் கொம்பா? என் பொண்ணுக்குக் கோணக் கொம்பு மாடா?"

"நல்ல பசு. பால் கறக்கும்."

"கொம்பாலயா கறக்கும்? இடது கொம்பா, வலது கொம்பா?"

"இடது. கீழ வளைஞ்சிருக்கும்."

"இடதுன்னா யோசிக்கலாம். வலதுன்னா வண்டியை எடுக்கச் சொல்லியிருப்பேன்."

இரண்டு கிழவர்களும் அந்தப் பசுவின் கொம்பைப் பற்றி அப்படிச் சண்டை போட்டார்கள். என் கணவர் பேசிக்கொண்டே ஒரு கையை நாற்காலிக்குப் பின்னால் நீட்டியிருந்தார். நான் போய் அதைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ்போல இருந்தது. அந்தப் பிடியை மட்டும் பந்தலில் யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது.

போன் அடித்தபோது நால்வரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். மாசிபியா ஜெயித்தாள்.

"அம்மா?" இந்தமுறை குரல் தெளிவாக இருந்தது. "பம்ப் நின்னுடுச்சு. எல்லாரும் நல்லா இருக்கோம். பெரிய ரேடியோ நனைஞ்சுபோச்சு, மத்தபடி ஒண்ணும் இல்ல. துடைச்சுக்கிட்டிருக்கோம். இங்க சொட்டு ரொம்ப மெதுவா விழும்மா. கை நீட்டிப் பிடிச்சுடலாம். கோழிக்குஞ்சு பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டிருக்கோம்."

மாசிபியா போனை என் கணவரிடம் கொடுத்தாள். அவர் எடுத்த எடுப்பில் திட்டினார்.

"ஏண்டீ, தண்ணின்னு சொல்ல வாய் வராதா உனக்கு?"

நிலாவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. வார்த்தை போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டும். நாங்கள் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வாயில அதுதான் வந்துச்சு, சின்னப்பா. நீங்க இன்னிக்குப் பேசறீங்கன்னு தெரியும். அவங்க அங்க உக்காந்திருப்பாங்க. அவங்க காதுல விழற மாதிரி அந்தப் பேரை எப்படிச் சொல்றது?"

"செத்துப்போயிருப்பியேடீ!"

"தெரியும். லைன் போன பிறகுதான் உறைச்சுது. உங்களுக்கு அது புரியாதுன்னு. அம்மாவும் சின்னம்மாவும் சுவத்துக்கு அந்தப் பக்கம் நிப்பாங்கன்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டேன்."

"நாங்க ஒண்ணும் ஒட்டுக்கேக்கல" என்றேன் நான்.

"இல்லவே இல்ல" என்றாள் மாசிபியா.

ஃபலாக்கே தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு மாடு நம்ம வாசலுக்கு வரல. ஒரு கோணக் கொம்புகூட வரல. அதுக்குள்ள அந்த வீட்டுக்காரி ஆயிட்டா. மன்ஸீனி, கேட்டீங்களா? இனிமே நான் எதை வச்சுப் பேரம் பேசுவேன்? வாங்க வந்தவன் முன்னாடியே பொருள் போய் அவன் பையில உக்காந்துக்குச்சு!"

வண்டிக்காரன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. போனுக்கு மிக அருகில் குனிந்தார். உரக்கப் பேசினால் மேலே கேட்கும் என்று நினைத்தவர்போல, "மகளே!" என்று கத்தினார்.

"அப்பா."

"மேல இருக்கறப்ப அதை அதோட பேரைச் சொல்லியே கூப்பிடு. நான் சொல்றேன். எங்க பாட்டன் கோவிச்சுக்க மாட்டாரு."

இடைவெளி. பிறகு அவள் தயங்கித் தயங்கி, "சரிப்பா" என்றாள். "ஆனா இங்க ஒரு சிக்கல். நான் மாசக்கணக்கா சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன். இங்க மத்த மூணு பேரும் இப்ப அப்படித்தான் சொல்றாங்க." அவள் பின்னாலிருந்து, கொரியாவிலிருந்து வந்த பெண் என்று பிறகு தெரிந்துகொண்டோம், யாரோ எங்கள் கிழவிகளின் சொல்லைச் சுத்தமாக உச்சரித்து எதையோ எடுத்துத் தரச் சொன்னாள். பெரியவர் போனைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அவருடைய அம்மா அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாளோ என்பதுபோல.

லைன் முடிந்ததும் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் சொன்னா மட்டும் போதாது. பாட்டன்மாருக்குச் சொல்லணும். தொழுவத்துல நின்னு சொல்லணும்." நேராக வெளியே போய் எங்கள் மாட்டுத் தொழுவத்தின் வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, "மன்ஸீனி! க்வாபீனி!" என்று தன் பாட்டன்மாரைக் கூப்பிட ஆரம்பித்தார்.

என் கணவர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். "யோவ் பெரியவரே! இது என் தொழுவம்! எங்க பாட்டன்மாருங்க இங்கதான் தூங்குறாங்க! உங்க செத்தவங்களை இங்க கூப்பிட்டா ராத்திரி ரெண்டு கூட்டமும் அடிச்சுக்கும்!"

"அப்ப எங்க சொல்றது? அவ இப்பவே அங்க துடைச்சுக்கிட்டிருக்கா. எந்த நேரம் அந்தப் பேர் வாயில வருமோ. காத்துக்கிட்டிருக்க முடியாது!"

"உங்க தொழுவத்துக்குப் போங்க!"

"போறேன். நீயும் வா. பொண்ணு வீட்டு சார்புல ஒரு ஆள் நின்னு சொன்னாத்தான் அவங்க நம்புவாங்க."

லொபோலா பேசும் நாளில் பெண்வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது என்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். இருவரும் வாசலில் நின்று அதற்கும் ஒரு சண்டை போட்டார்கள். பிறகு என் கணவர் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். கள்ளுப் பானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டிக்காரன் எங்களைப் பார்த்து, "இவங்களை என்னதான் பண்றது?" என்பதுபோலக் கையை விரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். வளைவு தாண்டும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவது தெரிந்தது. கைகள் ஆடின.

விருந்தாளிக்கு அறுத்த ஆட்டை நானும் மாசிபியாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சாப்பிட்டோம். நல்ல கறி. ரொம்ப நாளைக்குப் பிறகு ஆற அமரச் சாப்பிட்டோம்.

வெயில் சாயும்போது வண்டி திரும்பி வந்தது. ஃபலாக்கே இறங்குவதற்கு வண்டிக்காரன் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. பெரியவர் முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார், பொத்தான் எல்லாம் கழன்றிருந்தது.

"சொல்லியாச்சா?" என்றேன்.

"சொல்லியாச்சு. ரொம்ப நல்ல மனுசங்க, அவங்க பாட்டன்மாருங்க. ஒண்ணுமே சொல்லல."

"லொபோலா?"

"முடிஞ்சுது. போற வழியிலயே எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"எத்தனை மாடு?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தார். வண்டிக்குள் தூங்குகிறவரைப் பார்த்தார். "அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல. நாளைக்குக் காலையில அவர் எழுந்ததும் மறுபடியும் சண்டை போட்டுக்கலாம்."

மாசிபியா அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் கேட்க வேண்டியதை அவளால் கேட்க முடியவில்லை. அதனால் நான் கேட்டேன்.

"அப்ப நிலாவுக்கு?"

"அதுவா?" என்றார் என் கணவர், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. "அது நம்ம கேட்டைத் தாண்டுறதுக்குள்ளயே முடிஞ்சுபோச்சு. போகட்டும்னுட்டாரு. அவ திரும்பி வர்றப்ப, எங்கம்மாவை அங்க பாத்தியான்னு கேக்கணுமாம்."